ஐந்து ஸ்பீக்கர் இருந்தால் 5.1 ஆகி விடுமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. பெரிய எல்.இ.டி. டி.வி.யும் சுவரில் ஏறி விட்டது. டி.டி.எச். செட் டாப் பாக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்ததாகப் பலர் ஆசைப்படுவது ஹோம் தியேட்டர். கடைக்குப் போகிறோம். "5.1 சரவுண்ட் சவுண்ட்" என்று பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கிறது. பணத்தைக் கொடுத்து வாங்கி வருகிறோம். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்ஊஃபர். எல்லாவற்றிலும் சத்தம் வருகிறது. ஆகவே நம் வீட்டில் 5.1 வந்து விட்டது என்று நினைத்துக் கொள்கிறோம்.

இந்த நினைப்பு பல வீடுகளில் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். ஸ்பீக்கரின் எண்ணிக்கை 5.1 ஒலியைத் தீர்மானிப்பதில்லை. செட் டாப் பாக்ஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் என்ன கேபிள் போகிறது, அந்தக் கேபிளில் என்ன சிக்னல் போகிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன. சில நூறு ரூபாய் கேபிளும், பாக்ஸின் மெனுவில் ஒரே ஒரு மாற்றமும் செய்யாததால், பல ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர்கள் வெறும் ஸ்டீரியோ பாடிக் கொண்டிருக்கின்றன. முதலில் கேபிளைக் கவனியுங்கள், பிறகு ஸ்பீக்கரைப் பற்றி யோசியுங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

5.1 என்றால் என்ன?

முன்னால் இடது, வலது, நடுவில் ஒன்று, பின்னால் அல்லது பக்கவாட்டில் இடது, வலது. இவை ஐந்து. ".1" என்பது சப்ஊஃபருக்கு என்று தனியாக அனுப்பப்படும் அதிர்வு ஒலி. குண்டு வெடிப்பு, இடி, விமானம் போன்றவற்றின் அடி ஒலி இதில் வரும். இந்தச் சேனலில் ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி மட்டுமே இருப்பதால் இதை முழுச் சேனலாக எண்ணாமல் .1 என்கிறார்கள்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், இந்த ஆறும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்ட ஆறு ஒலிகள். ஒரே பாட்டை ஆறு ஸ்பீக்கரில் பிரித்துப் போட்டால் அது 5.1 ஆகாது. கல்யாண மண்டபத்தில் பத்து ஸ்பீக்கர் கட்டினாலும் பத்திலும் அதே நாதஸ்வரம்தானே கேட்கிறது? அதுபோலத்தான்.

ஆறு ஒலிகளையும் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் விநாடிக்கு 46 லட்சம் பிட்டுகள் தேவை. அதனால்தான் டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கும் முறை வந்தது. எம்பி3 பாட்டைச் சுருக்குவது போல இது ஆறு சேனல் ஒலியைச் சுருக்குகிறது. டி.வி.டி.யில் பொதுவாகப் பயன்பட்ட வேகம் விநாடிக்கு 448 கிலோபிட். அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1992-ஆம் ஆண்டில் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தின் மூலம் தியேட்டருக்கு வந்த இந்த முறை பிறகு டி.வி.டி.க்கும் டி.வி. ஒளிபரப்புக்கும் வந்தது. அதற்குப் போட்டியான டி.டி.எஸ். 1993-ஆம் ஆண்டில் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் வந்தது.

சுருக்கியதை யாராவது விரிக்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வதுதான் ஏ.வி. ரிசீவருக்குள் இருக்கும் டீகோடர். செட் டாப் பாக்ஸ் சுருக்கிய மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே ரிசீவரிடம் கொடுக்க வேண்டும். ரிசீவர் அவிழ்த்து ஆறாகப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஸ்டீரியோதான்.

சிவப்பு, வெள்ளை வயர் செய்யும் வேலை

டி.டி.எச். பாக்ஸின் பின்புறம் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள் பல பாக்ஸ்களில் இருக்கும். சில சின்ன பாக்ஸ்களில் மூன்றும் சேர்ந்து ஒரே ஓட்டையாக இருக்கும். மஞ்சள் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. சிவப்பு வலது, வெள்ளை இடது. அவ்வளவுதான். இரண்டு வயரில் இரண்டு ஒலிதான் போகும். ஆறு போகாது.

"என் ரிசீவரில் இந்த இரண்டு வயரைச் செருகினாலும் பின்னால் உள்ள ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதே?" என்று கேட்பீர்கள். வரும். 2000-ஆம் ஆண்டில் வந்த டால்பி ப்ரோ லாஜிக் II போன்ற முறைகள் ஸ்டீரியோ ஒலியைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுத் தருகின்றன. இது மோசமான முறை என்று நான் சொல்லவில்லை. பழைய படங்களுக்கும் பாட்டுக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் இது ரிசீவர் ஊகித்துச் செய்வது. படத்துக்கு ஒலி அமைத்தவர் பின்னால் வைத்த கதவுச் சத்தம் பின்னால்தான் கேட்க வேண்டும் என்றால் டிஜிட்டல் சிக்னல் தேவை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். படத்தில் பேசுவது புரியவில்லை, பின்னணி இசைதான் காதைப் பிளக்கிறது என்று அவருக்குக் குறை. நடுவில் உள்ள ஸ்பீக்கரில் வசனம் தனியாக வரும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ரிசீவரும் ஸ்பீக்கரும் வாங்கினார். கடையிலிருந்து வந்த பையன் சிவப்பு, வெள்ளை வயரைச் செருகி, எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்படி வைத்து விட்டுப் போய் விட்டான். வசனமும் இசையும் முன்பு போலவே ஒன்றாகக் கலந்து, இப்போது ஐந்து பக்கத்திலிருந்தும் வந்தன. குறை தீரவில்லை, கூடியது. போன் செய்து கேட்டபோது கடையில் சொன்ன பதில்: "சத்தம் வருதுல்ல ஐயா? அப்புறம் என்ன?"

அவருடைய பாக்ஸின் பின்னால் ஆப்டிகல் போர்ட் இருந்தது. அதன் மூடியைக் கூட யாரும் கழற்றவில்லை. ஒரு ஆப்டிகல் கேபிள் வாங்கிப் போட்டு, மெனுவில் டால்பியைத் தேர்ந்தெடுத்து, ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் நான்கு டெசிபல் ஏற்றினோம். அன்று போட்ட படம் 5.1 ஒலியில் வந்தது. வசனம் புரிகிறது என்றார். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. நடு ஸ்பீக்கரில் வசனம் தனியாக வரத்தான் செய்யும். ஆனால் அதற்குத் தேவையான கேபிளைத் தரவில்லை. இதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

மூன்று வழிகள்

டிஜிட்டல் ஒலியை பாக்ஸிலிருந்து ரிசீவருக்குக் கொண்டு போக மூன்று வழிகள் உண்டு.

ஆப்டிகல்: டாஸ்லிங்க் என்றும் சொல்வார்கள். தோஷிபா நிறுவனம் 1983-ஆம் ஆண்டில் கொண்டு வந்தது. இதில் மின்சாரம் போகாது. சிவப்பு வெளிச்சம் போகும். பாக்ஸை ஆன் செய்து கேபிளின் மறுமுனையைப் பார்த்தால் சிவப்பாக மினுங்குவது தெரியும். மின் தொடர்பே இல்லாததால், கேபிள் டி.வி. ஒயர் மூலமாக வரும் "ம்ம்ம்" என்ற இரைச்சல் இதில் வராது. இது பெரிய லாபம்.

கோஆக்சியல்: பார்க்க சிவப்பு, வெள்ளை வயர் போலவே இருக்கும். ஆனால் ஒரே ஒரு வயர். போர்ட் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இதற்கு 75 ஓம் கேபிள் வேண்டும். ஆப்டிகலில் போகும் அதே சிக்னல்தான் இதிலும் போகிறது. எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். இதில் உசத்தி, தாழ்வு பார்க்க வேண்டாம்.

எச்.டி.எம்.ஐ.: படமும் ஒலியும் ஒரே கேபிளில். பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு ஒன்று, ரிசீவரிலிருந்து டி.வி.க்கு ஒன்று. மேலே சொன்ன இரண்டிலும் போக முடியாத டால்பி டிஜிட்டல் ப்ளஸ், டால்பி ட்ரூ எச்.டி. போன்றவையும் இதில் போகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இன்புட் இருந்தால் அதுவே நல்லது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ரிசீவர் பழையதாகவும் பாக்ஸ் 4கே ஆகவும் இருந்தால் டி.வி.யில் படம் வராமல் போகலாம். 4கே படத்துக்கான பாதுகாப்பு முறையைப் பழைய ரிசீவர் புரிந்து கொள்ளாததே காரணம். இரண்டு, சில ரிசீவர்களை ஆஃப் செய்தால் டி.வி.யில் படமும் நின்று விடும். வீட்டில் பாட்டி காலையில் செய்தி பார்க்க வேண்டும் என்றால் ரிசீவரையும் ஆன் செய்ய வேண்டி வரும். ரிசீவரின் மெனுவில் "பாஸ் த்ரூ" இருந்தால் அதை ஆன் செய்து விடுங்கள். இல்லை என்றால், படத்தை எச்.டி.எம்.ஐ. மூலம் நேராக டி.வி.க்கும், ஒலியை ஆப்டிகல் மூலம் ரிசீவருக்கும் கொடுங்கள். சண்டை இல்லாத வழி இது.

இணைப்பது எப்படி?

1. பாக்ஸ், ரிசீவர், டி.வி. மூன்றையும் ஆஃப் செய்து ப்ளக்கை எடுத்து விடுங்கள்.

2. ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும் சின்ன ப்ளாஸ்டிக் மூடி இருக்கும். கண்ணாடி போல இருப்பதால் கண்ணில் படாது. அதைக் கழற்றுங்கள். கழற்றாமல் அழுத்தினால் உள்ளே போகாது.

3. இதன் முனை சதுரம் போலத் தோன்றினாலும் இரண்டு மூலைகள் சாய்வாக இருக்கும். போர்ட்டும் அப்படித்தான். பொருத்திப் பார்த்து மெதுவாகத் தள்ளுங்கள். "டிக்" என்று உட்காரும். பலம் காட்டாதீர்கள்.

4. கேபிளை ஒயர் போல மடித்துக் கட்டாதீர்கள். உள்ளே இருப்பது ஒளி போகும் இழை. கூர்மையாக மடித்தால் ஒளி தடைபட்டு ஒலி விட்டு விட்டு வரும்.

5. பாக்ஸில் "ஆப்டிகல் அவுட்" என்பதிலிருந்து ரிசீவரில் "ஆப்டிகல் இன்" என்பதற்குப் போக வேண்டும். ரிசீவரில் இரண்டு மூன்று ஆப்டிகல் இன்புட் இருக்கலாம். எதில் செருகினீர்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். ரிசீவரின் ரிமோட்டில் அதே இன்புட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6. ஸ்பீக்கர் வயரில் சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் அடி ஒலி மெலிந்து போகும். வயரின் நுனியில் ஒரு இழை கூட அடுத்த முனையைத் தொடக் கூடாது.

மெனுவில் மறைந்திருக்கும் சாவி

கேபிள் போட்டாயிற்று. ஆனாலும் ஸ்டீரியோதான் வருகிறது. பயப்படாதீர்கள். பாக்ஸின் மெனுவில் ஆடியோ செட்டிங்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். "டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்" என்ற வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். அதில் பி.சி.எம். அல்லது ஸ்டீரியோ என்று இருந்தால் அதை டால்பி டிஜிட்டல், பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள்.

பி.சி.எம். என்றால் பாக்ஸே மூட்டையை அவிழ்த்து, ஆறையும் இரண்டாகக் கலந்து அனுப்புகிறது என்று பொருள். கம்பெனிகள் பல சமயம் இப்படியே வைத்து அனுப்புகின்றன. அதற்குக் காரணம் உண்டு. டால்பியை அவிழ்க்கத் தெரியாத டி.வி.யில் செருகினால் சத்தமே வராது. உடனே கஸ்டமர் கேருக்குப் போன் வரும். எல்லோருக்கும் சத்தம் வர வேண்டும் என்பதற்காக ஸ்டீரியோவில் வைக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் அதை மாற்ற முடியும் என்று முதல் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுதியிருக்கலாமே என்பது என் கேள்வி.

எச்.டி.எம்.ஐ.யில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாக்ஸ் தன்னோடு இணைந்திருக்கும் டி.வி.யிடம் "உனக்கு எந்த வகை ஒலி தெரியும்?" என்று கேட்கும். "ஸ்டீரியோ மட்டும்" என்று டி.வி. சொன்னால் பாக்ஸ் ஸ்டீரியோ மட்டும் அனுப்பும். பாக்ஸை டி.வி.யில் செருகி, டி.வி.யின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவருக்குக் கொண்டு போகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பல டி.வி.க்கள் வெளியிலிருந்து வரும் 5.1 ஒலியை ஸ்டீரியோவாக்கித்தான் ஆப்டிகலில் விடுகின்றன. முடிந்தவரை பாக்ஸிலிருந்து நேராக ரிசீவருக்குப் போங்கள்.

2009-ஆம் ஆண்டில் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்த ஏ.ஆர்.சி. முறையில், டி.வி.யிலிருந்து ரிசீவருக்கு ஒலி அதே எச்.டி.எம்.ஐ. கேபிளில் திரும்பி வரும். டி.வி.யிலேயே உள்ள ஓ.டி.டி. ஆப்களுக்கு இது மிகவும் வசதி. ஆனால் இதிலும் டி.வி.யின் ஆடியோ மெனுவில் பி.சி.எம். என்பதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பழைய கதைதான்.

உண்மையிலேயே 5.1 வருகிறதா?

காதை மட்டும் நம்பாதீர்கள். சோதித்துப் பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலில் ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். டால்பி டிஜிட்டல் என்று எழுத்து எரிய வேண்டும். பி.சி.எம். என்று எரிந்தால் பாக்ஸ் மெனுவுக்குத் திரும்பிப் போங்கள்.

எழுத்து எரிந்தால் மட்டும் போதாது. டால்பி டிஜிட்டலிலேயே இரண்டு சேனல் மட்டும் அனுப்பலாம். எனவே "இன்புட் சிக்னல்" அல்லது "இன்ஃபோ" என்ற பட்டனை அழுத்திப் பாருங்கள். வரும் சிக்னலில் எத்தனை சேனல் இருக்கிறது என்று பல ரிசீவர்கள் காட்டும். 2.0 என்று இருந்தால் அது ஸ்டீரியோ. 3/2.1 அல்லது 5.1 என்று இருந்தால்தான் நாம் தேடியது.

மூன்றாவது எளிய சோதனை. பாக்ஸின் ரிமோட்டில் வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். டால்பி சிக்னல் அப்படியே போனால் பெரும்பாலான பாக்ஸ்களில் அந்த வால்யூம் வேலை செய்யாது. ரிசீவரின் வால்யூம் மட்டும் வேலை செய்யும். இதைப் பார்த்து பாக்ஸ் கெட்டு விட்டது என்று கம்ப்ளெயின்ட் கொடுத்து விடாதீர்கள். அது சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் 2.0 தான் காட்டுகிறதா? சேனலை மாற்றுங்கள். சாதாரண எஸ்.டி. சேனல்களில் பொதுவாக வருவது எம்பெக் ஸ்டீரியோ. 5.1 என்பது சில எச்.டி. சேனல்களில், அதிலும் சில நிகழ்ச்சிகளில் மட்டும் வருவது. சில சேனல்களில் ஒரே படத்துக்கு இரண்டு ஆடியோ இருக்கும். ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி டால்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் டி.டி.எச். 2003-ஆம் ஆண்டில் டிஷ் டி.வி.யுடன் தொடங்கியது. டாடா ஸ்கை 2006-ஆம் ஆண்டிலும் சன் டைரக்ட் 2007-ஆம் ஆண்டிலும் வந்தன. பெருநகரங்களில் கேபிள் டி.வி.யை டிஜிட்டலாக்கும் வேலை 2012-ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போதிலிருந்து "டிஜிட்டல்" என்ற சொல் நம் காதில் விழுந்து கொண்டே இருக்கிறது. டிஜிட்டல் என்றாலே சரவுண்ட் என்று பலர் நினைத்து விட்டார்கள். டிஜிட்டல் வேறு, சரவுண்ட் வேறு. இரண்டு சேனல் ஒலியும் டிஜிட்டலாக வரலாம்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்

புதிய இணைப்பில் பேச்சு முன்னால் வந்து விடுகிறது, உதடு பிறகு அசைகிறது என்று சிலர் சொல்வார்கள். டி.வி. படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக் கொள்கிறது. ஒலி ஆப்டிகலில் நேராக ஓடி வந்து விடுகிறது. ரிசீவரில் "ஆடியோ டிலே" அல்லது "லிப் சின்க்" என்ற செட்டிங் இருக்கும். செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துக் கொண்டே 10 மில்லி செகண்டாக ஏற்றி வாருங்கள். உதடும் பேச்சும் சேரும் இடத்தில் நிறுத்தி விடுங்கள். டி.வி.யில் "கேம் மோட்" இருந்தால் அதைப் போட்டாலும் தாமதம் குறையும்.

ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து எத்தனை அடி என்று கேட்கும். ஊகித்துப் போடாமல் டேப் வைத்து அளந்து போடுங்கள். ஒலி ஒரு அடி கடக்க ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் ஆகிறது. எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் உங்கள் காதுக்கு வர வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

இரவில் குழந்தை தூங்குகிறது, குண்டு வெடிக்கும் சத்தமும் வேண்டாம், வசனமும் புரிய வேண்டும் என்றால் "நைட் மோட்" அல்லது "டைனமிக் ரேஞ்ச்" என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய சத்தம் அடங்கும், சின்னச் சத்தம் எழும்பும்.

கம்ப்யூட்டர் 5.1 ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு

இந்த இதழ் வாசகர்களில் பலர் வைத்திருப்பது ரிசீவர் அல்ல, கம்ப்யூட்டருக்கு என்று வாங்கிய 5.1 மல்டிமீடியா ஸ்பீக்கர். இதை டி.டி.எச். பாக்ஸில் இணைத்தால் 5.1 வருமா? பெரும்பாலான மாடல்களில் வராது.

காரணம் எளிது. இந்த ஸ்பீக்கரின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று வயர்கள் இருக்கும். பச்சையில் முன் ஸ்பீக்கர்கள், கறுப்பில் பின் ஸ்பீக்கர்கள், ஆரஞ்சில் நடு ஸ்பீக்கரும் சப்ஊஃபரும். மூட்டையை அவிழ்க்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்து, ஆறு ஒலியாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்பீக்கருக்குள் டீகோடர் இல்லை. டி.டி.எச். பாக்ஸில் ஆறு ஒலிக்கான அவுட்புட் இல்லை. எனவே இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் "டிஜிட்டல் ஆடியோ டீகோடர்" என்ற சின்னப் பெட்டி. ஒரு பக்கம் ஆப்டிகல் இன்புட், மறுபக்கம் ஆறு ஒலிக்கான அவுட்புட். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் கிடைக்கும். வாங்கும்போது "டால்பி டிஜிட்டலை ஆறு சேனலாகப் பிரிக்குமா?" என்று கேட்டு வாங்குங்கள். இதே போலத் தோன்றும் மலிவான பெட்டிகள் டிஜிட்டலை வெறும் ஸ்டீரியோவாக மட்டும் மாற்றும். அவற்றின் பின்னால் சிவப்பு, வெள்ளை மட்டுமே இருக்கும்.

மாறாக, உங்களிடம் ரிசீவர் இருந்து கம்ப்யூட்டரை அதில் இணைக்க விரும்பினால், கம்ப்யூட்டரின் பின்னால் ஆப்டிகல் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே கேபிள் போதும். வி.எல்.சி. ப்ளேயரில் டூல்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் சென்று, ஆடியோ பகுதியில் எஸ்.பி.டி.ஐ.எஃப். பாஸ்த்ரூ என்பதை ஆன் செய்யுங்கள். டால்பி ஒலி உள்ள படங்கள் 5.1 ஆக வரும். ஆனால் கேம் விளையாடும்போது ஆப்டிகலில் ஸ்டீரியோதான் வரும். கேம் ஒலி அந்தந்த நொடியில் உருவாவது. அதை டால்பியாகச் சுருக்கி அனுப்ப டால்பி டிஜிட்டல் லைவ் போன்ற வசதி உங்கள் சவுண்ட் கார்டில் இருக்க வேண்டும். கேமுக்கு எச்.டி.எம்.ஐ. சிறந்தது.

இதற்கெல்லாம் அவசியம் உண்டா?

"நாங்கள் பார்ப்பதே சீரியலும் செய்தியும். அதற்கு எதற்கு 5.1?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஸ்டீரியோவில் வரும் நிகழ்ச்சிக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். ஐந்து மட்டமான ஸ்பீக்கரை விட இரண்டு நல்ல ஸ்பீக்கர் எவ்வளவோ மேல். நான் எல்லோரும் ஹோம் தியேட்டர் வாங்க வேண்டும் என்று எழுதவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வாங்கிய பொருள் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"இப்போது சவுண்ட் பார் வந்து விட்டதே?" என்பார்கள் இன்னும் சிலர். சவுண்ட் பாருக்கும் இதே விதிகள்தான். ப்ளூடூத்தில் இணைத்து விட்டு 5.1 வரவில்லை என்று சொல்லிப் பயனில்லை. சாதாரண ப்ளூடூத்தில் போவது ஸ்டீரியோ. எச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகலில் இணையுங்கள்.

டி.டி.எச். கம்பெனிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் மூன்று வேண்டுகோள். எந்தெந்த சேனலில் 5.1 வருகிறது என்று சேனல் பட்டியலிலேயே ஒரு அடையாளம் போடுங்கள். பாக்ஸில் ஆப்டிகல் போர்ட் இருக்கிறதா இல்லையா என்பதை அட்டைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். செலவைக் குறைக்க அதை எடுத்து விட்டால் அதையும் சொல்லுங்கள். ரிசீவர் விற்கும்போது ஆப்டிகல் கேபிளையும் சேர்த்து விற்று, இன்ஸ்டால் செய்ய வருபவர் டால்பி எழுத்து எரிவதைக் காட்டி விட்டுக் கிளம்பட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. புதிய ஸ்பீக்கர் செட் வாங்கப் போகும் முன் உங்கள் பாக்ஸின் பின்புறத்தை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டி, "இந்த பாக்ஸிலிருந்து உங்கள் ரிசீவருக்கு எந்தக் கேபிளில் 5.1 வரும்?" என்று கேளுங்கள். சரியான பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி விட்டவர்கள், இன்றே ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து எரிகிறது என்று பாருங்கள். பி.சி.எம். என்று இருந்தால், புது ஸ்பீக்கருக்காகச் செலவு செய்யும் முன் மெனுவில் ஐந்து நிமிடம் செலவு செய்து பாருங்கள்.